மாடிப்படிக்கு மூணு லைட் சேர்த்தேன், சுவிட்ச் போட்ட உடனே ஆர்சிசிபி விழுது

படிக்கட்டு_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா மண்டை காயுது, அதான் இங்க வந்து கொட்டுறேன். எங்க வீடு கீழ மேலன்னு ரெண்டு தளம், டிபி பாக்ஸ் (வீட்டு லைன் எல்லாம் பிரியற பெட்டி) ஒண்ணு தான், ஆனா கீழ் தளத்துக்கு ஒரு ஆர்சிசிபி (கரண்டு லீக் ஆனா தானா விழுந்து லைனை அறுக்குற சுவிட்ச்) மேல் தளத்துக்கு ஒரு ஆர்சிசிபி, ரெண்டுமே 30 மில்லி ஆம்ப். மாடிப்படிக்குன்னு இருந்தது ஒரே ஒரு லைட், அதுவும் உச்சி சீலிங்ல, சாதா ஏணிக்கு எட்டாது. அதுக்கு கீழ ஒரு டூவே சுவிட்ச், மேல ஒரு டூவே சுவிட்ச், எதுல வேணா போட்டு அணைக்கலாம். திருப்பத்துல வெளிச்சமே விழாது, அம்மா ரெண்டு தடவ படி தவறி உக்காந்துட்டாங்க, சரி இனிமே தள்ளிப்போட வேணாம்னு சுவத்துல மூணு லைட் சேர்த்தேன், ஒவ்வொண்ணும் 12 வாட்ஸ் எல்இடி, மெட்டல் பாடி, 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர். உச்சி லைட் எட்டலங்கறதால மேல் சுவிட்ச் பாக்ஸ்லேர்ந்தே கனெக்‌ஷன் எடுத்தேன். டெஸ்ட் பண்ண கையில இருந்த 0.5 வாட்ஸ் நைட் லேம்ப் மாட்டிப் பாத்தேன், சூப்பரா எரிஞ்சுது, ரெண்டு சுவிட்சுலயும் ஆன் ஆஃப் ஆச்சு. அதைக் கழட்டிட்டு புது லைட்டை மாட்டி சுவிட்ச் போட்டா டப். வீடு இருட்டு. ஒரு லைட் மட்டும் மாட்டினாலும் டப். லைட்டை மாத்திப் பாத்தாச்சு, வயரை மாத்திப் பாத்தாச்சு. பழைய லைட் மட்டும் இருந்தா ஒரு பிரச்சனையும் இல்ல. யாராவது சொல்லுங்க.

சும்மா_வந்தேன்:
லோடு தான் ப்ரோ. ஏற்கனவே இருக்குற லைன்ல மூணு லைட்டை ஏத்துனா தாங்குமா, எம்சிபியை (லோடு ஏறினா விழற சுவிட்ச்) பெரிசா மாத்துங்க. இல்லன்னா அந்த ஆர்சிசிபியைக் கழட்டிப் போட்டு நேரா குடுங்க, எங்க வீட்ல அப்படித்தான் ஓடுது, இத்தனை வருஷத்துல ஒண்ணும் ஆகல.

கணக்குப்புலி:
சும்மா வந்தவரே சும்மாவே போயிருக்கலாம் 😀 மூணு லைட்டும் சேர்ந்து 36 வாட்ஸ். 230 வோல்ட்ல அது 0.16 ஆம்ப்கூட இல்ல, எல்இடி டிரைவர் (லைட்டுக்கு உள்ள இருக்குற சர்க்யூட்) கூடுதலா கரண்டு இழுக்கும்னு வச்சு டபுளாக்கினாலும் 0.3 தான் வரும். 6 ஆம்ப் எம்சிபின்னா 1380 வாட்ஸ் தாங்கும். எம்சிபியை பெரிசாக்குறது அதைவிடத் தப்பு, எம்சிபி இருக்கறது வயரைக் காப்பாத்த, வயர் அதே மெல்லிசு வயரா இருக்கறப்போ எம்சிபியை மட்டும் ஏத்துனா சுவத்துக்குள்ள வயர் பொசுங்குறப்பவும் அது பாட்டுக்கு ஆன்ல உக்காந்திருக்கும். அதோட இங்க விழறது எம்சிபியே இல்ல, ஆர்சிசிபி. அதுக்கு லோடு கணக்கெல்லாம் தெரியாது, ஃபேஸ்ல போனதும் நியூட்ரல்ல திரும்பி வந்ததும் சமமான்னு மட்டும் பாக்கும், வித்தியாசம் 30 மில்லி ஆம்ப் வர்றதுக்குள்ள விழணும், பாதியைத் தாண்டினாலே விழலாம். அதனால எங்கயோ லீக். மெட்டல் பாடின்னு சொல்றீங்க, எர்த் வயர் மாட்டுற எடத்துல ஃபேஸ் ஒட்டுதான்னு பாருங்க. சுவர் ஈரமா?

படிக்கட்டு_வாசி:
லீக் தான்னு நானும் நினைச்சேன். லைட்டை சுவத்துலேர்ந்து கழட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல வச்சு, எர்த்தே குடுக்காம போட்டுப் பாத்தேன். அப்பவும் டப்.

பழைய டெஸ்டர்:
தம்பி, எர்த் இல்லாம மெட்டல் பாடி லைட்டை கரண்டோட ஸ்டூல்ல வச்சு சோதிக்கறது இன்னொரு தடவ வேணாம். அம்மா படி தவறுனதுக்கு லைட் போட வந்துட்டு நீ விழுந்துறாத. ஆனா அந்த சோதனையால ஒண்ணு தெரிஞ்சு போச்சு, பாடிக்கும் எர்த்துக்கும் சம்பந்தம் இல்ல.

மூணு கேள்வி. விழறது கீழ் ஆர்சிசிபியா மேல் ஆர்சிசிபியா? மேல் சுவிட்ச் பாக்ஸ்ல மாடிப்படி சுவிட்சைத் தவிர வேற என்ன இருக்கு? நியூட்ரலை எங்கேர்ந்து எடுத்த?

கூரைப்பல்லி:
இடையில வந்ததுக்கு மன்னிக்கணும், எனக்கும் கிட்டத்தட்ட இதே வேலை. ரூம்ல ஏற்கனவே ஒரு லைட் பாயிண்ட் இருக்கு, இப்ப பொய்க்கூரை போட்டு ஆறு ஸ்பாட் லைட் வைக்கணும், 7 வாட்ஸ். ஒரு பாயிண்டுலேர்ந்து ஆறுக்கும் லூப் பண்ணலாம்ல? சீரியஸ்ல குடுத்துருவானோன்னு பயமா இருக்கு, வேலைக்கு வர்ற பையன் ரொம்ப சின்னவன்.

பழைய டெஸ்டர்:
லூப் பண்ணலாம்மா. லைட்டுக்கு லைட் ஃபேஸ் ஃபேஸோட, நியூட்ரல் நியூட்ரலோட, எர்த் எர்த்தோட போகணும், அதான் பேரலல். சீரியஸ்ல குடுத்தா எல்லாம் மங்கலா எரியும் இல்ல எரியவே எரியாது, ஒளிச்சு வைக்கவே முடியாது, அதுக்குப் பயப்படாதீங்க. ஜாயிண்டுக்குப் பயப்படுங்க. முறுக்கி டேப் சுத்தி கூரை மேல தூக்கிப் போட்டுட்டுப் போயிருவாங்க, மேல இருக்குற சூட்டுல டேப் பசை இளகிப் பிரிஞ்சுரும். டெர்மினல் வச்ச கனெக்டர் போட்டு, அதை ஒரு பெட்டிக்குள்ள வச்சு, ஸ்பாட் லைட் ஓட்டை வழியா கைய விட்டா எட்டுற தூரத்துல இருக்கச் சொல்லுங்க. பைப்புக்குள்ள ஜாயிண்ட் கூடவே கூடாது. கூரையை மூடறதுக்கு முன்னாடி போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க, அஞ்சு வருஷம் கழிச்சு யாராவது ட்ரில் போடறப்போ அந்த போட்டோ தான் தெய்வம்.

வெளியூர்_வயர்:
டெஸ்டர் அண்ணன் சொல்றதோட ஒண்ணு சேத்துக்கங்க, கலரை நம்பாதீங்க. பழைய வீட்ல சிவப்பு ஃபேஸ், கருப்பு நியூட்ரல்னு இருக்கும். நான் வேலை பாக்குற எடத்துல பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், அங்க கருப்பும் ஒரு ஃபேஸ் தான். புது ஆளு பழைய கட்டடத்துல கருப்பைப் பாத்து ஏமாந்ததும் உண்டு, பழைய ஆளு புதுக் கட்டடத்துல ஏமாந்ததும் உண்டு. டூவே சுவிட்ச்ல இன்னும் மோசம், ரெண்டு சுவிட்சுக்கும் நடுவுல ஓடுற ரெண்டு வயர்ல எப்பவும் ஏதோ ஒண்ணுல கரண்டு இருக்கும், அதுக்கு அன்னைக்குக் கையில எந்தக் கலர் சுருள் இருந்துச்சோ அதைப் போட்டிருப்பாங்க.

படிக்கட்டு_வாசி:
டெஸ்டர் அண்ணே, நீங்க கேட்டதுக்கு அப்புறம் தான் உக்காந்து கவனிச்சேன். சில நேரம் கீழ் ஆர்சிசிபி விழுது, சில நேரம் மேல், ரெண்டு தடவ ரெண்டும் சேர்ந்தே விழுந்துச்சு. மேல் பாக்ஸ்ல மாடிப்படி சுவிட்ச், வராண்டா லைட் சுவிட்ச், ஒரு பிளக் பாயிண்ட். மாடிப்படி சுவிட்சுலேர்ந்து உச்சி லைட்டுக்குப் போற வயர்ல லூப் எடுத்தேன், நியூட்ரல் அந்த பிளக் பாயிண்டுக்கு வந்திருந்த கருப்பு வயர்லேர்ந்து எடுத்தேன். நியூட்ரல் எல்லாம் ஒண்ணு தானே?

பழைய டெஸ்டர்:
ஹா, மாட்டிக்கிச்சு. நியூட்ரல் எல்லாம் ஒண்ணு இல்ல தம்பி, அதான் உன் வியாதி.

உன் மாடிப்படி லைட்டுக்கு கரண்டு எங்கேர்ந்து வருது? கீழ் டூவே சுவிட்சுக்கு கீழ் தளத்து ஃபேஸ் வரும், அங்கேர்ந்து ரெண்டு வயர் மேல் சுவிட்சுக்கு ஏறும், மேல் சுவிட்சோட நடு டெர்மினல்லேர்ந்து ஒரு வயர் உச்சி லைட்டுக்குப் போகும். உச்சி லைட்டோட நியூட்ரல் கீழ் தளத்து நியூட்ரல், அது வேற பைப்ல போகுது, மேல் பாக்ஸுக்கு அது வர வேண்டிய வேலையே இல்ல, வரவும் இல்ல. அந்த பாக்ஸ்ல நீ பாத்த கருப்பு மேல் தளத்து நியூட்ரல். ஆக உன் புது லைட்டுக்கு கரண்டு கீழ் ஆர்சிசிபி வழியா போகுது, மேல் ஆர்சிசிபி வழியா திரும்புது. கீழ இருக்குறவன் "என்கிட்டேர்ந்து போச்சு, திரும்பல"ங்கறான், மேல இருக்குறவன் "நான் அனுப்பவே இல்ல, எவனோடதோ என் வழியா வருது"ங்கறான். யாரு முந்திக்கிறானோ அவன் விழறான். கடன் வாங்கின நியூட்ரல்னு நாங்க சொல்றது இதைத்தான், அதுவும் மாடிப்படியில தான் அதிகம் நடக்கும், ஏன்னா ரெண்டு தளத்து வயரும் ஒரே பாக்ஸ்ல சந்திக்கற எடம் அது.

கணக்குப்புலி:
அட! நைட் லேம்ப் ஏன் எரிஞ்சுதுங்கறதும் இப்பப் புரியுது. 0.5 வாட்ஸை 230ஆல வகுத்தா 2 மில்லி ஆம்ப் சொச்சம், அது வழி மாறிப் போனாலும் ஆர்சிசிபிக்கு உறைக்காது. 12 வாட்ஸ்னா 52 மில்லி ஆம்ப். 30ஐத் தாண்டியாச்சு, அதான் ஒத்த லைட்டுக்கே டப். லீக்னு சொன்னது நான் தான், தப்பு, வாபஸ்.

சும்மா_வந்தேன்:
சரி, கரண்டு எப்படியோ போய் எப்படியோ வருது, லைட் எரியுதுல்ல? ஆர்சிசிபி இல்லாத வீட்ல இதே கனெக்‌ஷன் ஜம்முனு ஓடும். அப்ப பிரச்சனை கனெக்‌ஷனா, ஆர்சிசிபியா?

பழைய டெஸ்டர்:
நல்லா கேட்டீங்க, கோவமே இல்லாம சொல்றேன். ஓடும். வருஷக்கணக்கா ஓடும். அப்படி ஓடுன வீட்ல தான் எனக்கு ஒரு நாள் ஷாக் அடிச்சுது.

குண்டு பல்பு காலம். ஒரு வீட்ல மேல் வராண்டா போர்டுல பிளக் தீஞ்சு போச்சுன்னு கூப்புட்டாங்க. மேல் தளத்து லைனை இறக்கினேன், டெஸ்டர் வச்சேன், பிளக்ல ஒண்ணும் இல்ல. தைரியமா நியூட்ரல் ஜாயிண்டைப் பிரிச்சு ரெண்டு கையிலயும் ரெண்டு முனையைப் பிடிச்சுட்டு நிக்கிறேன், கீழேர்ந்து ஒரு பாப்பா மாடிக்கு ஏறுது, போற போக்குல மாடிப்படி சுவிட்சைத் தட்டுது. கீழ் தளத்து ஃபேஸ், பல்பு வழியா, என் இடது கைக்கு. பல்பு நடுவுல இருக்கே, கரண்டைக் கொறைச்சுருமேன்னு நினைப்பீங்க, மனுஷ ஒடம்போட ரெசிஸ்டன்ஸுக்கு முன்னாடி பல்போடது ஒண்ணுமே இல்ல, முழுசா வாங்கினேன். ஏணியிலேர்ந்து விழுந்ததால கை பிரிஞ்சுது, விழலன்னா பிரிஞ்சிருக்காது. எவனோ பாக்ஸ்ல கிட்டக்க கருப்பு இருக்கேன்னு எடுத்துக் குடுத்திருக்கான், அவன் எடுத்தப்ப அவனுக்கு ஒண்ணும் ஆகல பாருங்க.

அதுக்கப்புறம் நியூட்ரலை ஃபேஸ் மாதிரியே தான் நான் மதிக்கிறது.

வெளியூர்_வயர்:
இதைப் படிச்சு கை சில்லுன்னு ஆயிருச்சு. இன்வெர்ட்டர் வச்சிருக்குற வீட்லயும் இதே கதை தான், மெயினை இறக்கிட்டோம்னு பாக்ஸைத் திறப்போம், லைட் லைன் இன்வெர்ட்டர்லேர்ந்து உயிரோட இருக்கும். இன்வெர்ட்டர் சுவிட்சை ஆஃப் பண்றது மட்டும் பத்தாது, சில மாடல்ல ஆஃப்ல இருந்தாலும் மெயின் உள்ள புகுந்து வெளிய வரும், அதனால ரெண்டையும் இறக்கணும். நான் எப்பவும் டெஸ்டரை முதல்ல ஓடுற லைன்ல வச்சு அது எரியுதான்னு பாப்பேன், அப்புறம் நான் வேலை செய்யப் போற லைன்ல, அப்புறம் திரும்ப ஓடுற லைன்ல. நடுவுல டெஸ்டரே செத்துப் போயிருந்தா தெரியணும்ல.

மின்மினி:
சின்ன சந்தேகம். எங்க வீட்ல புது எல்இடி மாட்டுனதிலேர்ந்து சுவிட்சை ஆஃப் பண்ணாலும் ராத்திரி மினுக் மினுக்னு லேசா எரியுது. இதுவும் கடன் நியூட்ரலா? பேய்னு பொண்டாட்டி சொல்றா.

கணக்குப்புலி:
சுவிட்ச்ல சின்ன இண்டிகேட்டர் லைட் இருக்கா? இருந்தா பேய் அது தான். ஆஃப்ல இருக்கறப்போ அந்த இண்டிகேட்டர் வழியா துளியூண்டு கரண்டு உங்க லைட்டுக்குப் போகும், பழைய குண்டு பல்புக்கு அது தெரியாது, எல்இடி டிரைவர் அதைச் சேத்து வச்சு சேத்து வச்சு ஒரு பளிச். இண்டிகேட்டர் இல்லன்னா ரெண்டு விஷயம். ஒண்ணு, லைட்டுக்குப் போற வயர் இன்னொரு ஓடுற வயரோட ரொம்ப தூரம் ஒட்டியே போகுது, அதுல கொஞ்சம் தூண்டல் வோல்டேஜ் வரும், ஆபத்து இல்ல. இன்னொண்ணு, சுவிட்ச் ஃபேஸை அறுக்காம நியூட்ரலை அறுக்குது. அது ஆபத்து, சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஹோல்டர்ல கரண்டு நிக்கும், பல்பு மாத்த கை வச்சா பிடிச்சுக்கும். கரெண்ட் வேலை தெரிஞ்சவரை வச்சு அதை மட்டும் கட்டாயம் பாத்துருங்க.

படிக்கட்டு_வாசி:
சரி அண்ணே, இப்ப நான் என்ன செய்யணும்? நேத்து ஒருத்தரைக் கூப்புட்டேன், வந்து பாத்துட்டு "டிபியில ரெண்டு நியூட்ரல் பட்டையையும் ஒரு வயர் போட்டு சேத்துரலாம், முடிஞ்சுது"ன்னாரு. நீங்க எழுதினதைப் படிச்சிருந்ததால வேணாம்னு அனுப்பிட்டேன்.

பழைய டெஸ்டர்:
அனுப்புனது நல்லது. அதைச் சேத்தா இப்ப மாடிப்படி லைட்டுக்கு மட்டும் விழறது, அப்புறம் வீட்ல எதைப் போட்டாலும் விழும், ஏன்னா எல்லாத்தோட கரண்டும் ரெண்டு ஆர்சிசிபி வழியாவும் பிரிஞ்சு திரும்பும். அப்புறம் அவரே வந்து "ஆர்சிசிபி சரியில்ல, கழட்டிரலாம்"பாரு.

உனக்கு வழி என்னன்னா, கீழ் தளத்து நியூட்ரலை மேல் பாக்ஸுக்குக் கொண்டு வரணும். கீழ் டூவே சுவிட்ச் பாக்ஸ்ல பிளக் பாயிண்ட் இருந்தா அங்க நியூட்ரல் இருக்கும், அதுலேர்ந்து ஒரு 1.5 வயரை, அந்த ரெண்டு டூவே வயர் போற பைப்லயே மேல இழுக்கலாம். ஆனா அந்த பிளக்கும் மாடிப்படி லைட்டும் ஒரே எம்சிபியான்னு பாத்துக்க. ஒரே ஆர்சிசிபிக்குக் கீழ வேற வேற எம்சிபின்னா கலந்தாலும் ஆர்சிசிபி விழாது, சரியா இருக்குன்னு நீ நினைச்சுக்குவ, பின்னாடி என்னை மாதிரி ஒருத்தன் வந்து மாட்டுவான். சந்தேகம்னா உச்சி லைட்டுலேர்ந்தே நியூட்ரலை இறக்கு, அது தான் சொந்த நியூட்ரல், சாரம் கட்டி ஏற வேண்டியிருக்கும் அவ்வளவு தான். இது ரெண்டும் வேணாம்னா புது லைட் மூணுக்கும் மேல் தளத்து ஃபேஸ், மேல் தளத்து நியூட்ரல், தனி சுவிட்ச். கீழேர்ந்து போட முடியாது, அம்மா இருட்டுல ஏறிப் போய் போடணும், அப்ப எதுக்கு இந்த லைட்டு?

லைசென்ஸ் இருக்குற ஆளா பாத்துக் கூப்புடு. பல நாட்டுல வீட்டு வயரிங்ல கை வைக்க அது சட்டப்படியே வேணும், சட்டத்தை விடு, டிபியில நியூட்ரலைக் கழட்டி எது எதோட சேருதுன்னு மீட்டர்ல பீப் வச்சுப் பாக்குற வேலை உனக்கு வேணாம்.

கூரைப்பல்லி:
என் வேலை முடிஞ்சுது. பையன் சின்னவனா இருந்தாலும் கனெக்டர் பெட்டி கேட்டதும் "அக்காவுக்கு வேலை தெரியும் போல"ன்னு ஒழுங்கா செஞ்சான் 😄 பதினெட்டு போட்டோ எடுத்து வச்சிருக்கேன். ஒரு சந்தேகம், பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஒண்ணு சும்மா கெடக்கு, இந்த ஸ்பாட் லைட்டுக்கு மாட்டி மங்கலாக்கலாமா?

கணக்குப்புலி:
வேணாங்க, ஃபேன் ரெகுலேட்டர் ஃபேனுக்கு. எல்இடி மேலயே "டிம்மபிள்"னு போட்டிருந்தா தான் அதுக்குத் தோதான டிம்மர் போடலாம், போடலன்னா சிமிட்டும், டிரைவர் சீக்கிரம் போயிரும்.

படிக்கட்டு_வாசி:
ஆறு நாள் கழிச்சு வர்றேன். வேற ஒருத்தர் வந்தாரு, லைசென்ஸ்காரர், வயசானவர், பேசவே மாட்டேங்கறாரு. கீழ் பாக்ஸைத் திறந்தாரு, லைட் எம்சிபியை இறக்குனதும் அங்க இருந்த பிளக்கும் செத்துச்சு, அதுலயே திருப்தி ஆகல, எல்லாத்தையும் இறக்கிட்டு டிபியில அந்த சர்க்யூட்டோட நியூட்ரலைக் கழட்டி ஒரு நீள வயர் வச்சு மீட்டர்ல பீப் கேட்டு "இது தான்"னாரு. வயர் இழுக்கற ஸ்பிரிங் விட்டா பைப் வளைவுல மாட்டிக்கிச்சு. பழைய டூவே வயர் ரெண்டையும் கழட்டி, அதோட முனையில மூணு புது வயரை கட்டி, பவுடர் போட்டு, நான் கீழேர்ந்து ஊட்ட அவர் மேலேர்ந்து இழுக்க மூணும் வந்துருச்சு. நான் எடுத்த கருப்பு லூப்பை வெட்டி எறிஞ்சுட்டு புது நியூட்ரல் குடுத்தாரு, மூணு லைட் பாடிக்கும் எர்த் குடுத்தாரு, ஒண்ணுக்கு நான் எர்த்தே குடுக்காம விட்டிருந்தேன், அதைப் பாத்து ஒரு தடவ என்னை மொறைச்சாரு, அவ்வளவு தான் பேச்சு.

மூணும் எரியுது. ரெண்டு ஆர்சிசிபியும் அசையல. அம்மா சும்மாவே ரெண்டு தடவ ஏறி இறங்குனாங்க.

பழைய டெஸ்டர்:
மொறைச்சவரோட நம்பரை பத்திரமா வச்சுக்க தம்பி, அந்த மாதிரி ஆள் கெடைக்கறது கஷ்டம். டிபி கதவுக்கு உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டி, மாடிப்படி லைட் மொத்தமும் கீழ் தளத்து லைன்னு எழுதி வை.

சும்மா_வந்தேன்:
இவ்வளவு தூரம் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. எங்க வீட்டு ஆர்சிசிபி நேரா குடுத்ததுன்னு சொன்னேன்ல, டிபியையும் மாடிப்படி பாக்ஸையும் திறந்து பாத்தேன், எங்க மாடிப்படிக்கும் ரெண்டு தளத்து வயரும் ஒரே பாக்ஸ்ல தான் வருது. ஆர்சிசிபியை இன்னும் கழட்டலை போல, டிபியில தான் உக்காந்திருக்கு, அதுல "டி"ன்னு ஒரு பட்டன் இருக்கே, அமுக்குனேன், ஒண்ணும் ஆகல.

பழைய டெஸ்டர்:
கரண்டு இருக்கறப்போ, ஆர்சிசிபி ஆன்ல இருக்கறப்போ தானே அமுக்குனீங்க?

சும்மா_வந்தேன்:
ஆமா. மூணு தடவ.

பழைய டெஸ்டர்:
அது டெஸ்ட் பட்டன், அமுக்குனா ஆர்சிசிபி விழணும். விழலன்னா அதுக்கு வயர் வரலை, இல்ல அது செத்துருச்சு. அந்த பாக்ஸை நீங்க திறக்காதீங்க, மாடிப்படி சுவிட்ச் ஆன்ல இருந்தாலும் ஆஃப்ல இருந்தாலும் மேல் தளத்துல யாரையும் பிளக் பாயிண்டைக் கழட்ட விடாதீங்க. நாளைக்கே ஆளைக் கூப்புடுங்க, டிபியோட ஒரு போட்டோ எடுத்து, புது இழையா போடுங்க, அங்க வர்றேன்.